லிவர்பூலில் ஒரு கலவர நடை: மூன்றரை மணி நேரம், 18 பவுண்டு

போன மாதம் முதல் சனிக்கிழமை லிவர்பூல் போயிருந்தேன். பீட்டில்ஸ் பேருந்து, கால்பந்து மைதானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அங்கே முதுகலை படிக்கும் என் சித்தி மகனோடு ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்ந்துகொண்டேன். 1911 தொடங்கி அந்த ஊரில் வெடித்த கலவரங்கள் நடந்த இடங்களுக்கு நடத்தியே கூட்டிப் போகிறார்கள். யார் கல்லெறிந்தார்கள் என்பதைவிட, கல் விழுந்த பிறகு மேலே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் பேச்சு முழுக்க. தலைக்கு 18 பவுண்டு, மூன்றரை மணி நேரம், ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. போகலாமா என்று கேட்டால், கட்டாயம் போங்கள். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

கூட்டிப் போகிறவர் அறுபது வயதைத் தொட்ட ஒரு பெண்மணி. 1981 ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதி போலீஸுக்கு எதிராகக் கொதித்து எரிந்தபோது அவருக்குப் பதினாறு வயது, அங்கேயே கிரான்பி தெருவுக்குப் பக்கத்தில் வீடு. நிறுவனம் எதுவும் கிடையாது, தனியாளாக மாதம் ஒரு முறையோ இரண்டு முறையோ நடத்துகிறார். பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஒரு காபிக் கடையின் அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துத்தான் நானே போனேன். குழுவில் 11 பேர். ஆரம்பத்திலேயே நான் "கலவரம்" என்று சொன்னதைத் திருத்தினார். 1981-ல் நடந்ததை வெளியாட்கள்தான் அப்படிச் சொல்வார்கள், லிவர்பூல் 8-ல் இருக்கிற நாங்கள் எழுச்சி என்போம் என்றார். லிவர்பூல் 8 என்பது அந்தப் பகுதியின் பழைய அஞ்சல் எண். டாக்ஸ்டெத் என்ற பெயரையே பத்திரிகைகள்தான் பிரபலமாக்கின என்பது அவர்கள் வருத்தம். நான் இந்தக் கட்டுரையில் இரண்டு சொல்லையும் கலந்துதான் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நடந்த எல்லாவற்றுக்கும் ஒரே சொல் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடை தொடங்குவது லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு எதிரே, செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் முன்னால் உள்ள கல் பாவிய மேடையில். 1911 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. கப்பல், ரயில், துறைமுகத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத் தலைவர் டாம் மான் பேசுவதைக் கேட்க, பல்லாயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு வந்து நின்ற இடம் அது. போலீஸ் தடியோடு உள்ளே புகுந்தது, நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். இரண்டு நாள் கழித்து, கைதிகளைச் சிறைக்குக் கொண்டுபோன வண்டிகளுக்குக் காவலாக வந்த குதிரைப்படை வாக்ஸால் சாலையில் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அப்போது உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். அவர் பதவியில் இருந்தபோது ஊருக்குள் ராணுவம் வந்தது மட்டுமல்ல, மெர்சி ஆற்றில் ஆன்ட்ரிம் என்ற போர்க்கப்பல் வந்து நின்றது. சொந்த நாட்டு நகரம், கூலி உயர்வு கேட்கிற ஆட்கள், அவர்களுக்கு எதிரே பீரங்கிக் கப்பல். இதை அந்தப் பெண்மணி குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, வாருங்கள், கப்பல் நின்ற இடத்தைப் பார்ப்போம் என்று பியர் ஹெட் பக்கம் இறங்கினார்.

ஆற்றங்கரையில் அவர் சொன்னதுதான் எனக்கு முழுப் புதுசு. எட்டு வருடம் கழித்து, 1919 ஆகஸ்டில், போலீஸ்காரர்களே வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். லிவர்பூல் படையில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. மறுபடி ராணுவம், மறுபடி ஆற்றில் போர்க்கப்பல், இந்த முறை வேலியன்ட். ஆனால் நான் கவனித்தது கப்பலை அல்ல. டெஸ்பரோ என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டு, நாடு முழுக்கப் போலீஸ் சம்பளத்தை நன்றாக உயர்த்த அரசு அதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டது. அதனால் மற்ற ஊர்களில் பெரும்பாலானவர்கள் வேலைநிறுத்தத்தில் சேரவே இல்லை. சேர்ந்தவர்கள் எல்லோரும் டிஸ்மிஸ், ஒருவரைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. தொழிற்சங்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டு, வேலைநிறுத்த உரிமை இல்லாத ஒரு கூட்டமைப்பை அரசே அமைத்துக் கொடுத்தது. கலவரம் என்றால் அரசு முதலில் கலவரக்காரனைப் பிடிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தடி பிடிக்கிற கை தன் பக்கம் இருக்கிறதா என்றுதான் அது முதலில் பார்க்கிறது. அந்தக் கைக்கு வேண்டிய பணம் மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது. இந்தப் பகுதிக்கு அவர் கொடுத்தது பத்து நிமிடம்தான், அரை மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும். இது முதல் குறை.

இரண்டாவது குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஒலிக்கருவி தருகிறார்கள். ஆற்றங்கரைக் காற்றில் அதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நான் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அங்கிருந்து தெற்கே குயின்ஸ் டாக் என்ற கப்பல்துறை. 1919 ஜூன் 5 அன்று சார்ல்ஸ் வூட்டன் என்ற கறுப்பினக் கப்பல் தொழிலாளியை வெள்ளையர் கும்பல் ஒன்று துரத்திக்கொண்டு வந்தது. தண்ணீரில் விழுந்தவர் மேல் கல்லெறிந்தார்கள், மூழ்கிச் செத்தார். வயது 24. நினைவுப் பலகை ஒன்று இருக்கிறது, சிறியது, தெரிந்தவர் காட்டாவிட்டால் கண்ணில் படாது. யார் மேலும் கொலை வழக்கு இல்லை. அடி வாங்கிய கறுப்பினக் குடும்பங்களில் சுமார் 700 பேரைப் பாதுகாப்புக்காகக் காவல் நிலையங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்து அரசு செய்தது, அவர்களைக் கப்பலேற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் திருப்பி அனுப்ப ஒரு திட்டம். போரில் அதே அரசுக்காகக் கப்பலோட்டியவர்கள் அவர்களில் பலர். என் தம்பி பலகையைப் படித்துவிட்டு, "அண்ணே, அடிச்சவனை விட்டுட்டு அடி வாங்கினவனை ஊரை விட்டு அனுப்பியிருக்காங்க" என்றான். நாங்கள் இருவருமே இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அதற்கு மேல் அங்கே நின்று பேச முடியவில்லை.

பிறகு கொஞ்சம் திரும்பி நடந்தால் ஆல்பர்ட் டாக், இடைவேளை. கழிப்பறை அங்கேதான், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு இல்லை. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் கொள்ளை அழகு. 1846-ல் திறந்த செங்கல் கிடங்குகள், நடுவில் தண்ணீர், சுற்றிலும் உணவகங்கள், அருங்காட்சியகம், டேட் ஓவியக்கூடம். 1972-ல் தெற்குத் துறைகளை மூடியபோது இது சேறு நிரம்பிக் கிடந்ததாம். கப்பல் சரக்கெல்லாம் கன்டெய்னர் பெட்டகங்களுக்கு மாறி வடக்கே சீஃபோர்த்துக்குப் போய்விட்டது. 1981 ஏப்ரலில் டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலையும் மூடியது. இப்போது நீங்கள் காபி குடிக்கிற இந்த இடம்தான் 1981-க்கு அரசு கொடுத்த பதில் என்று அவர் சொன்னார்.

நான் குறுக்கிட்டேன். துறைமுகப் பகுதியைச் சீரமைக்கும் மெர்சிசைட் வளர்ச்சிக் கழகம் தொடங்கியது 1981 மார்ச் மாதம், டாக்ஸ்டெத் எரிந்தது ஜூலையில். அப்படியானால் இது எப்படிக் கலவரத்துக்குப் பதில்? அவர் தட்டிக்கழிக்கவில்லை. சரிதான், கழகம் முன்பே வந்துவிட்டது, பணமும் அவசரமும் அமைச்சர்கள் வருகையும்தான் ஜூலைக்குப் பிறகு வந்தவை என்று திருத்திக்கொண்டார். வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற வழிகாட்டிகளையே பார்த்த எனக்கு இது மிகவும் பிடித்தது.

மைக்கேல் ஹெசல்டைனைப் பற்றியும் நியாயமாகத்தான் பேசினார். அவர் தாட்சர் அமைச்சரவையில் சுற்றுச்சூழல் அமைச்சர். கலவரம் முடிந்ததும் லிவர்பூலுக்கு வந்து இரண்டு மூன்று வாரம் தங்கி, தெருத்தெருவாக நடந்து ஆட்களிடம் பேசியவர். வங்கி, காப்பீட்டு, ஓய்வூதிய நிதி முதலாளிகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து, உங்கள் பணம் போகாத ஊர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்று காட்டியவர். அமைச்சரவைக்கு அவர் எழுதிய அறிக்கைக்கு வைத்த தலைப்பே, ஒரு கலவரம் தேவைப்பட்டது என்ற பொருளில்தான் இருந்தது. ஆட்சியில் இருக்கிற ஒருவர் அதைக் காகிதத்தில் எழுதுவது சின்ன விஷயம் இல்லை. 2012-ல் நகராட்சி அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது, லேபர் கட்சியின் கோட்டையான ஊர், கன்சர்வேடிவ் அமைச்சருக்கு.

இடைவேளைக்குப் பிறகு பார்லிமென்ட் ஸ்ட்ரீட்டில் ஏறவேண்டும். ஆற்றிலிருந்து நல்ல மேடு, மூச்சு வாங்கும். பாதி வழியில் நிறுத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு நகலை எடுத்துக் கையில் கொடுத்தார். 1981-ல் நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் பிரதமர் தாட்சருக்கு எழுதியது. முப்பது வருட ரகசியக் காலம் முடிந்து 2011 டிசம்பரில்தான் வெளியே வந்தது. ஹெசல்டைன் கேட்கிற பணத்தையெல்லாம் லிவர்பூலில் கொட்டிவிட்டால் இன்னும் நம்பிக்கையுள்ள வேறு ஊர்களுக்கு மிச்சம் இருக்காது, இந்த ஊரை முறையாகத் தேயவிடுவது என்ற வழியையும் நாம் மறந்துவிடக் கூடாது, இருக்கிற சொற்பப் பணத்தைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவதில் செலவழிக்கக் கூடாது என்பது சாரம். தேயவிடுவது என்ற சொல்லைத் தனிப்பட்ட பேச்சில்கூடப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அவரே எச்சரித்திருக்கிறார். அந்த மேட்டில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த வரியைப் படித்தேன். ஐந்து லட்சம் பேர் வாழும் ஊரை என்ன செய்வது என்று சிலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள், கணக்குக்கு வைத்த பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஹவ் பின்னாளில், அப்படி ஒரு யோசனையைத் தான் வற்புறுத்தியதாக நினைவில்லை என்று சொன்னார். அந்த யோசனை கொள்கையாகவும் ஆகவில்லை. அதையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார்.

மேடு ஏறி முடித்தால் ரியால்டோ முனை. பழைய நடன அரங்கம், பிறகு மரச்சாமான் கடை, 1981 ஜூலை 5 இரவில் எரிந்தது. இப்போது அதே பெயரில் புதுக் கட்டடம். ஜூலை 3 வெள்ளி இரவு ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் பிடித்ததில் தொடங்கியது. அதற்கு முன்பே வருடக்கணக்காக இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதிப்பதும் அடிப்பதும் நடந்துகொண்டிருந்தது. கனவான்கள் கூடும் ராக்கெட் (Racquet) என்ற மட்டையாட்ட கிளப்பும் எரிந்தது. பக்கத்து முதியோர் மருத்துவமனையிலிருந்து நோயாளிகளை வெளியேற்ற ஆம்புலன்ஸ்கள் வந்தபோது கல்லெறிவதை நிறுத்தி வழி விட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுத்தது. விடியற்காலையில் போலீஸ் சி.எஸ். கண்ணீர்ப்புகை அடித்தது, வட அயர்லாந்துக்கு வெளியே பிரிட்டனில் அப்படிக் கூட்டத்தின் மேல் அடித்தது அதுதான் முதல் முறை. கதவைத் துளைத்து உள்ளே போகும்படி செய்த கண்ணீர்ப்புகைக் குண்டுகளை ஆட்கள் மேலேயே சுட்டார்கள். 468 போலீஸ்காரர்களுக்குக் காயம், 500 கைது, 70 கட்டடங்களாவது இடிக்கும் நிலை. மாத இறுதியில், ஜூலை 28 அன்று, கால் ஊனமுற்ற 23 வயது இளைஞர் ஒருவர் மேல் போலீஸ் வண்டி ஏறியது, அவர் இறந்துபோனார். வழக்கு நடந்தது, ஓட்டியவர்கள் விடுதலை.

குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார், அதுவரை வாயே திறக்கவில்லை. என் மாமாவின் கடை லாட்ஜ் லேனில் இருந்தது, சூறையாடிவிட்டார்கள், அவர் எந்த அமைச்சரும் இல்லை, எந்தப் போலீஸும் இல்லை, அந்த ஆளுக்கு என்ன பதில் என்று கேட்டார். எல்லோரும் அமைதியாகிவிட்டோம். வழிகாட்டி எழுச்சி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடவில்லை. லாட்ஜ் லேன் போனதில் அதிகம் இழந்தவர்கள் நாங்களே, அதற்குப் பிறகு அம்மா ரொட்டி வாங்கக்கூட நெடுந்தூரம் நடந்தாள் என்றார். அப்புறம் இருவரும் அடுத்த தெரு வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்தார்கள். 18 பவுண்டில் பாதி இதற்கே போதும்.

பிரின்சஸ் அவென்யூ வழியாக கிரான்பிக்குள் நுழையும்போதுதான் இந்த வழியை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது புரிகிறது. ஆல்பர்ட் டாக்கிலிருந்து இங்கே முக்கால் மணி நேர நடைதான். பணம் ஆற்றோரம் வந்தது. 1984-ல் ஆற்றோரக் குப்பைமேட்டைத் திருத்திச் சர்வதேசப் பூங்கா விழா நடத்தினார்கள், 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், விழா முடிந்த பிறகு அந்த இடத்தின் பெரும்பகுதி வருடக்கணக்கில் பாழாகவே கிடந்தது. கிரான்பியில் வீடுகளை நகராட்சியே வாங்கி, காலி செய்து, ஜன்னல்களுக்குத் தகரம் அடித்து, தெருத்தெருவாக இடித்தது. வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தைச் சரி செய்தார்கள். எரிந்த தெருவில் இருந்தவர்கள் கேட்டது வேறு: போலீஸ் எங்களை மனிதராக நடத்த வேண்டும் என்பதுதான் அது. அதற்கு என்ன பதில் வந்தது?

இதில்தான் அந்தப் பெண்மணியின் அறிவு தெரிகிறது. லண்டன் பிரிக்ஸ்டனில் ஏப்ரலில் நடந்த கலவரத்தை விசாரித்த நீதிபதி ஸ்கார்மன் நவம்பரில் அறிக்கை கொடுத்தார். அங்கே ஸ்வாம்ப் 81 என்று பெயர் வைத்த நடவடிக்கையில் சில நாட்களுக்குள் 943 பேரைத் தெருவில் நிறுத்திச் சோதித்திருந்தார்கள். சந்தேகத்தின் பேரிலேயே ஒருவரைப் பிடிக்க விட்ட, 1824-ம் வருட நாடோடிச் சட்டத்தின் பிரிவை 1981-லேயே நீக்கினார்கள். 1984-ல் வந்த போலீஸ் சட்டம், ஒருவரை நிறுத்திச் சோதித்தால் காரணம் எழுதிவைக்க வேண்டும் என்றது. இவை உண்மையான மாற்றங்கள். ஆனால் லிவர்பூல் 8-க்கு என்று தனி நீதி விசாரணை அரசு வைக்கவே இல்லை. கிரான்பியின் கவுன்சிலரும் மெர்சிசைட் போலீஸ் குழுவின் தலைவருமான மார்கரெட் சைமி, இந்த நிலைமையில் மக்கள் கொதிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்ற பொருளில் பேசினார், போலீஸ் தலைவர் கென்னத் ஆக்ஸ்ஃபோர்டோ கடைசிவரை அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் நகராட்சி ஏற்பாட்டில் கிஃபோர்ட் பிரபு தலைமையில் ஒரு குழு விசாரித்து 1989-ல் அறிக்கை தந்தது. எட்டு வருடம். ஆல்பர்ட் டாக்கில் டேட் ஓவியக்கூடம் அதற்கு ஒரு வருடம் முன்பே திறந்துவிட்டது.

லண்டனில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய 2011 ஆகஸ்ட் கலவரத்தையும், 2024-ல் பக்கத்து ஊரான சவுத்போர்ட்டில் சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு பரவிய வன்முறையையும் கடைசிப் பத்து நிமிடத்தில் அள்ளித் தெளித்துவிட்டார். இது மூன்றாவது குறை, பெரிய குறை. 2011-ல் நீதிமன்றங்கள் ராத்திரியிலும் உட்கார்ந்தன, நடக்கவே நடக்காத கலவரத்துக்கு ஃபேஸ்புக்கில் அழைத்த செஷயர் இளைஞர்கள் இருவருக்கு நாலு நாலு வருடம், ஸ்கார்மன் போல ஒரு நீதிபதி விசாரணை மட்டும் இல்லை. 2024-ல் ஊரின் வடக்கே வால்டனில் ஸ்பெல்லோ நூலகத்தைக் கொளுத்தினார்கள், பொதுமக்கள் கொடுத்த பணம் இரண்டு லட்சம் பவுண்டைத் தாண்டியது, அதே வருட டிசம்பரில் மறுபடி திறந்தது. இவ்வளவு இருக்கும்போது இதற்கென்று தனியாக ஒரு நடையே வைக்கலாம் என்று அவரிடமே சொன்னேன். வால்டன் வரைக்கும் என் முழங்கால் ஒத்துழைக்காது என்றார்.

நடை முடிவது கெய்ர்ன்ஸ் தெருவில். எல்லோரும் போன பிறகும் போகாமல் இருந்த சிலர் மூடிய வீடுகளின் பலகையில் சித்திரம் வரைந்து, தெருவில் தொட்டி வைத்துச் செடி வளர்த்து, 2011-ல் நில அறக்கட்டளை தொடங்கி வீடுகளை மீட்டெடுத்தார்கள். அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் என்ற கட்டட வடிவமைப்புக் குழுவுக்கு 2015-ல் பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை தெருச் சந்தை நடக்கும், அதனால் அன்றைய நடையையே பிடியுங்கள். கார்டு வாங்க மாட்டார், ரொக்கம்தான். நல்ல ஷூ, மழைச்சட்டை இரண்டும் அவசியம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

கிளம்பும்போது ஹவ் கடிதத்தின் நகலைத் திருப்பிக் கேட்டு வாங்கி, பக்கங்களை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார். தம்பி படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எதற்கு, மூலக் கோப்பே லண்டன் கியூவில் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது, அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்துகொண்டால் யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம், போய்ப் பார் என்றார். அவன் பரீட்சை முடிந்ததும் போவதாக இருக்கிறோம்.